அவ டொக்டர் இல்லை

1

போன ஞாயிறு எங்கள் மகளுக்கு மூன்று வயது முடிந்தது. கேக் வெட்டினோம். கேக், என் கணவர் பாத்திரம் கழுவும் ரெஸ்டோரண்டின் சமையல்காரர் கொடுத்துவிட்டது. வடையும் கட்லட்டும் நான் செய்தவை. பத்துப் பேர் இருக்கக்கூடிய அறையில் இருபது பேர் இருந்தார்கள். பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் தமிழர் வீட்டுப் பிறந்தநாள் என்றால் அப்படித்தான். ஒருவரைக் கூப்பிட்டால் அவரோடு அறையில் இருப்பவர்கள் எல்லோரையும் கூப்பிட்டதாகக் கணக்கு.

மகள் மெழுகுதிரியை ஊதிவிட்டு டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், ஏதோ சொன்னாள்.

"தமிழிலை சொல்லு" என்றேன்.

"தமிழிலை அது இல்லை" என்றாள், அதையும் டொச்சிலேயே. கிண்டர்கார்டனுக்குப் போகத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த வாய். இன்னும் ஒரு வருடம் போனால் உதவிப்பணம் தரும் சோசியலாம்ட் கந்தோருக்கு நான் இவளைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போவேன் போலிருக்கிறது.

வந்தவர்களில் ஒரே வெள்ளைக்காரி ஃபிராவ் ரோமர். ஐம்பது வயது தாண்டியவர், நல்ல உயரம், கட்டையாக வெட்டிய நரைமுடி, ஆம்பிளைச் சப்பாத்து. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சைக்கிளில் வந்து இறங்குவார். எங்கள் வடையைக் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்பார். மகள் அவருடைய மடியை விட்டு இறங்கமாட்டாள்.

புதிதாக வந்த சோடி ஒன்றும் அன்றைக்கு வந்திருந்தது. ரவி, சாந்தி. சாந்திக்கு இப்போது ஆறாம் மாதம். ஃபிராவ் ரோமர் அவளுடைய வயிற்றைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பதை ரவி கவனித்திருக்கிறான். என் கணவரிடம் மெல்லக் கேட்டான்.

"அண்ணை, உவ டொக்டரோ?"

மூலையில் இருந்த, பக்கத்து அறைப் பரமண்ணை கையிலிருந்த வடையை முதல்முறை காண்பவர்போலப் பார்த்தார். எங்கள் வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான். என் கணவர் என்ன பதில் சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தப் பதிலுக்கு வந்து சேர அவர் பட்ட பாட்டை முதலில் சொல்லவேண்டும்.

2

நாங்கள் கிழக்குப் பேர்லினில் விமானத்தால் இறங்கி, மேற்குப் பேர்லினுக்கு ரயிலில் வந்து அகதி என்று கைதூக்கியவர்கள். முகாமில் சில மாதம் இருந்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தோம். நாலாம் மாடி. நிலக்கரி அடுப்பு. கழிப்பறை படிக்கட்டின் பாதியில். ஒரு அறையில் நாங்கள், மற்ற அறையில் பரமண்ணை.

பரமண்ணை ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். எங்களுக்கு இரண்டு வருடம் முந்தி வந்தபடியால் டொச் கதைப்பார். சோசியலாம்டின் நடைபாதையில் நின்று நின்றே பழகிய டொச் அது. அந்த வட்டாரத்துத் தமிழருக்கெல்லாம் அவர்தான் வாய். காசு வாங்கமாட்டார், ஒரு தேத்தண்ணி போதும். ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மொழிபெயர்த்தால் இரண்டு பக்கமும் சந்தோசமாகப் போகவேண்டும். சந்தோசத்துக்கு இடைஞ்சலான சொற்களை அவர் நடுவழியிலேயே இறக்கிவிடுவார்.

நான் பிள்ளைத்தாய்ச்சியானதும் முதலில் ஒரு டொக்டரிடம்தான் போனோம். நல்ல மனிதர். ஆனாலும் ஆம்பிளை. பரிசோதிக்கும் கட்டிலைக் காட்டி ஏறச் சொன்னதும் நான் கதவுப்பக்கம் திரும்பிவிட்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், வீட்டுப் படியில் இருந்து அழுதேன். கீழ்வீட்டுத் துருக்கிப் பெண் எமினேதான் கண்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் துருக்கி தெரியாது. தன் மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, என் கையைப் பிடித்து அடுத்த தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு கதவில் வெண்கலத் தகடு. ஃபிராவ் ரோமரின் பெயர், கீழே ஒரு சொல்: ஹெபம்மெ. எங்கள் பாசையில் மருத்துவிச்சி.

கதை வீட்டுக்கு வந்தது. என் கணவர் குதித்தார்.

"மருத்துவிச்சியோ? அகதியெண்டால் டொக்டர் இல்லையாமோ? ஊரிலை இல்லாதவன் வீட்டிலைதான் மருத்துவிச்சி தனிய நிண்டு பிள்ளை பிறப்பிக்கிறது. ஏலாது. நான் விடமாட்டன்."

அவரைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் மருந்து கலக்கிக் கொடுக்கும் கொம்பவுண்டரும் டொக்டர்தான், அரைப் படிப்போடு வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியும் டொக்டர்தான், பல்லுப் பிடுங்குகிறவரும் டொக்டர்தான். மருத்துவிச்சி மட்டும்தான் மருத்துவிச்சி. பெரியாஸ்பத்திரியில் டொக்டர் ஐயா வார்ட்டுக்குள் வந்தால், அவ்வளவு நேரமும் பிள்ளைத்தாய்ச்சியின் தலைமாட்டில் நின்றவள் சுவரோடு ஒதுங்கி நிற்பாள். இதைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு மருத்துவிச்சி மட்டும் வருவாள் என்றால், வீட்டுக்காரன் வராமல் வேலைக்காரனை அனுப்பினதுபோலத்தான் இருக்கும்.

சண்டையைத் தீர்க்கப் பரமண்ணை வந்தார்.

"தம்பி, நீர் பிழையா விளங்கிப்போட்டீர். இது ஊர் மருத்துவிச்சி இல்லை. பிள்ளைப்பேறுக்கெண்டே தனியப் படிச்ச டொக்டர். இஞ்சை அப்பிடித்தான் சொல்லுறது."

அவர் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். அரைவாசி அவரும் நம்பினார். மிச்ச அரைவாசி, அன்றைக்கு இரவுச் சாப்பாடு நிம்மதியாக இறங்கவேண்டும் என்பதற்காக.

3

ஃபிராவ் ரோமர் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வேட்டி கட்டாத குறை. தலை குனிந்து, கையெடுத்து, "குட்டன் டாக், ஃபிராவ் டொக்டர்" என்றார். வணக்கம், டொக்டர் அம்மா என்று அர்த்தம்.

அந்த அம்மா முகத்தைச் சுருக்கினார். "நான் டொக்டர் இல்லை. ஹெபம்மெ."

பரமண்ணை மொழிபெயர்த்தார்: "பாத்தியளோ தம்பி, பெரிய மனிசருக்கு இருக்கிற அடக்கத்தை!"

அடுத்த முறையும் ஃபிராவ் டொக்டர். அடுத்த முறையும் மறுப்பு. அந்த அம்மா மறுக்க மறுக்க என் கணவரின் மரியாதை ஏறிக்கொண்டே போனது. ஊரில் அரை டொக்டர்கூட முழு டொக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிய, இவர் இல்லை இல்லை என்றால் எவ்வளவு பெரிய டொக்டராக இருக்கவேண்டும்! ஒருநாள் ஃபிராவ் ரோமர் பையிலிருந்து மரத்தால் கடைந்த சின்னக் குழல் ஒன்றை எடுத்து, ஒரு முனையை என் வயிற்றிலும் மற்ற முனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்டபோது மட்டும் என் கணவருக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

"ஏன் அண்ணை, ஸ்ரெதஸ்கோப் இல்லையோ?"

"பெரிய டொக்டர்மாருக்கு மிசின் தேவையில்லை தம்பி."

எனக்கு விளங்கித்தான் இருந்தது. கதவுத் தகடு பார்த்தவள் நான். ஆனால் வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கைகள் போதுமாயிருந்தன. குளிரில் நாலு மாடி ஏறி வந்தால் முதலில் அடுப்போடு போய் நிற்பார். கை இரண்டும் நன்றாகச் சூடேறும்வரை என்னைத் தொடமாட்டார். பிறகு என் கையை எடுத்து என் வயிற்றிலேயே வைத்து, இது தலை, இது முதுகு என்று காட்டுவார். எனக்குத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்வார். நாடு விட்டு வந்த நாளிலிருந்து என்னைப் பற்றிய எதையும் எவரும் முதலில் எனக்குச் சொன்னதில்லை.

சோசியலாம்டில் பிள்ளை பிறக்கும் மாதத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். ஃபிராவ் ரோமர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் பயந்துகொண்டு நீட்டினேன். டொக்டர் எங்கே, சீல் எங்கே, போய்விட்டு அடுத்த தவணைக்கு வா என்பான் என்று நினைத்தேன். அந்த மனிதர் வாசித்தார், முத்திரை குத்தினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். அதே கையெழுத்தோடு எனக்கு ஒரு நீலக் கொப்பியும் கிடைத்தது. முட்டர்பாஸ் என்று பெயர், தாய்மாருக்கான பாஸ். இந்த நாட்டில் விசாரணை இல்லாமல் எனக்குக் கிடைத்த ஒரே பாஸ் அதுதான்.

எட்டாம் மாதத்தில், பிள்ளையை வீட்டிலேயே பெறலாம் என்று அவர் சொன்னார். நாங்கள் இருவரும் சந்தோசப்பட்டோம். முகாமில் ஒரு கதை உலாவியது. அகதிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றை வெட்டிவிடுவார்கள் என்று. யாருக்கு வெட்டினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் நம்பினோம். அன்றைக்கு ஃபிராவ் ரோமர் கதிரையை இழுத்துப் போட்டு, விரலை நீட்டி, நீண்ட நேரம் கண்டிப்பாக ஏதோ சொன்னார்.

பரமண்ணை சுருக்கினார்: "எல்லாத்தையும் தான் பாத்துக்கொள்ளுவாவாம்."

ஃபிராவ் ரோமர் உண்மையில் சொன்னது வேறு என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பில் ஏதும் பிழை தெரிந்தால், அல்லது தண்ணீர்க்குடத்து நீர் நிறம் மாறினால், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. அதை நான்தான் முடிவெடுப்பேன். கணவர் அல்ல, வீட்டார் அல்ல. இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் வருவேன். நாங்கள் மூவரும் சிரித்துத் தலையாட்டினோம்.

4

நோவு தொடங்கியது ஒரு நாள் காலை. யன்னலுக்கு வெளியே பனி, உள்ளே நிலக்கரிப் புகை. ஃபிராவ் ரோமர் வந்து, கையைச் சூடேற்றி, என்னை அறைக்குள் நடக்க வைத்தார். நடந்தேன். அவருடைய தோளில் தொங்கினேன். அம்மா என்று கத்தினேன், அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். இடையில் எமினே வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கதவுக்கு வெளியே என் கணவர் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்.

மத்தியானம்வரை எல்லாம் நல்லபடி. பிறகு தண்ணீர்க்குடம் உடைந்தது. ஃபிராவ் ரோமர் விரிப்பைப் பார்த்தார். பச்சையாக இருந்தது. குழலை எடுத்து வைத்துக் கேட்டார். எடுத்தார். திரும்ப வைத்துக் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டார். எழுந்து கதவைத் திறந்து, சத்தம் போடாமல் பரமண்ணையிடம் சொன்னார். எமினே வீட்டுப் போனில் அம்புலன்ஸ் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இங்கே இனி டொக்டர் வேண்டும்.

பரமண்ணை போனுக்கு ஓடாமல் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னவாம் அண்ணை?" என் கணவர் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகட்டாம். டொக்டர் வேணுமாம்."

"என்ன விசர்க்கதை? டொக்டர் இஞ்சை நிக்கிறா எல்லோ!"

பரமண்ணை ஃபிராவ் ரோமரின் பக்கம் கையைக் காட்டப்போய், பாதியில் இறக்கினார்.

"எனக்கு விளங்குது" என்றார் என் கணவர். குரல் ஏறியது. "வயித்தை வெட்டக் கொண்டுபோயினம். இல்லாட்டி எங்களைக் கைகழுவப் பாக்கினம். இவ்வளவு பெரிய டொக்டர், இவவுக்கு ஏலாததோ? நான் விடன்!"

அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். கட்டிலில் கிடந்தபடி நான் பார்க்கிறேன். ஒரு கோழிக்கும் தீங்கு நினைக்காத மனிதர். பயத்தில் அப்படி நின்றார்.

ஃபிராவ் ரோமர் பரமண்ணையைத்தான் பார்த்தார். "இவரிடம் நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?"

அந்தக் குளிரிலும் பரமண்ணைக்கு வேர்த்தது.

"தம்பி… அவ டொக்டர் இல்லை."

"என்ன?"

"அவ முதல்நாளே சொன்னவ. ஒவ்வொரு நாளும் சொன்னவ. இப்பிடி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும் எண்டும் அப்பவே சொன்னவ. நான்தான் மாத்திச் சொன்னனான்."

என் கணவரின் கைகள் இறங்கவில்லை. "அப்ப… மருத்துவிச்சியோ?"

கல்யாணம் கட்டி அன்றுவரை நான் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"ஓம், மருத்துவிச்சிதான்! இவ்வளவு மாதமும் என்ரை பிள்ளையின்ரை நெஞ்சைக் கேட்டவ அந்த மருத்துவிச்சிதான். அவ போகச் சொல்லுறா. விலத்துங்கோ!"

விலத்தினார். பரமண்ணை படியிறங்கி ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் எமினே நடித்துக் காட்டுவாள்.

அம்புலன்ஸ்காரர்கள் என்னைக் கதிரையில் கட்டித் தூக்கி இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் ஃபிராவ் ரோமர் கையை உயர்த்தினார். நின்றார்கள். அந்தப் படிக்கட்டிலேயே முழங்காலில் இருந்து குழலை வைத்தார். ஒவ்வொரு கதவிலும் சனம் நின்றது. துருக்கியர், டொச்சர், எங்களோடு ஒருநாளும் கதைக்காத முதல்மாடிக் கிழவர். அவர் கேட்டு முடித்துத் தலையாட்டினார். "போகலாம். இன்னும் நேரம் இருக்கிறது." என்னிடம்தான் சொன்னார். அந்த டொச் எனக்கு மொழிபெயர்ப்பில்லாமல் விளங்கியது.

5

ஆஸ்பத்திரியில் டொக்டர் இளம் வயதுக்காரர். ஆம்பிளைதான். அப்போது எனக்கு வெட்கப்பட நேரமில்லை. அவர் என்னிடம் வருமுன் ஃபிராவ் ரோமரிடம் கேட்டார். அந்த அம்மா நாலு வசனத்தில் சொன்னார். டொக்டர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். தொடங்குமுன் இன்னொன்று செய்தார். சுற்றிவரப் பார்த்து, ஹெபம்மெ எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரி மருத்துவிச்சி அடுத்த அறையில் இன்னொரு பேற்றில் நின்றாள். "அப்படியென்றால் நீங்கள் நில்லுங்கள்" என்றார் ஃபிராவ் ரோமரைப் பார்த்து. என் கணவர் அறை மூலையில் சுவரோடு ஒட்டி நின்று இதையெல்லாம் பார்த்தார்.

வயிற்றை வெட்டவில்லை. பிள்ளையின் தலையில் கிண்ணம்போல ஒன்றை வைத்து டொக்டர் இழுத்தார், ஃபிராவ் ரோமர் என் காதுக்குள் சொல்லச் சொல்ல நான் முக்கினேன். நீலம் பாரித்து வந்தாள். ஒரு சத்தமும் இல்லை. டொக்டர் வாங்கித் துடைத்து ஏதோ செய்தார். பிறகு கத்தினாள் பாருங்கள்! அந்தக் கத்தலைத்தான் இப்போது கிண்டர்கார்டனில் கேட்டு முறைப்பாடு சொல்கிறார்கள். நான் அழுதேன். என் கணவர் என்னைவிடச் சத்தமாக அழுதார். ஃபிராவ் ரோமர் பிள்ளையை என் நெஞ்சில் வைத்துவிட்டு, அப்போதுதான் ஒரு கதிரையைத் தேடி இருந்தார்.

பரமண்ணை கீழே நடைபாதையில் காவல் இருந்திருக்கிறார். என் கணவர் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனார். ஒரு கேள்வி கேட்கவேண்டுமாம். நீங்கள் டொக்டர், பிறகு ஏன் மருத்துவிச்சி வந்து நிற்கவேண்டும் என்றீர்கள்?

டொக்டர் சிரித்துவிட்டுச் சொன்னார். பரமண்ணை தொண்டையைச் செருமினார்.

"தம்பி, இந்த முறை சொன்னதை அப்பிடியே சொல்லுறன். இஞ்சத்தைச் சட்டம் அதாம். எல்லாம் ஒழுங்காப் போற பேறெண்டால் டொக்டர் இல்லாமல் அவ தனியப் பாக்கலாமாம். ஆனால் எந்தப் பேறெண்டாலும் அவவைப்போல ஒருத்தியைக் கூப்பிடாமல் டொக்டர் பாக்கக்கூடாதாம்."

என் கணவர் அதைத் திரும்ப ஒருமுறை சொல்ல வைத்துக் கேட்டார்.

பிறகு பத்து நாளும் ஃபிராவ் ரோமர் வீட்டுக்கு வந்தார். தொப்புள்கொடியைப் பார்த்தார், பால் கொடுக்கப் பழக்கினார், என்னைத் தூங்கச் சொல்லி அதட்டினார். பிள்ளை பிறந்த துடக்கு வீடு, தீட்டு என்று எங்கள் ஆட்கள் முப்பத்தொரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்தான் வந்திருந்து எங்கள் வீட்டுத் தேத்தண்ணி குடித்தார். என் கணவர் தாயிடம் கடிதத்தில் கேட்டு எழுதிவைத்த பக்குவத்தில் பிள்ளை பெற்றவளுக்கான காயச்சரக்கை எனக்கு அரைத்துக் கொடுத்தார். அது என்ன என்று ஃபிராவ் ரோமர் ஒரு கரண்டி வாங்கி வாயில் வைத்தார். மிளகும் மல்லியும் இஞ்சியும் தலைக்கேறிவிட்டன. இருமி முடித்துவிட்டு, "கொடு, கொடு, இவள் சாப்பிடட்டும்" என்றார்.

பரமண்ணையை மட்டும் அவர் சும்மா விடவில்லை. கடைசி நாள் முன்னால் இருத்தி, எங்களுக்கும் கேட்க, ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்க்க வைத்தார். பரமண்ணை தலையைக் குனிந்துகொண்டு தன்மீதான ஏச்சைத் தானே தமிழில் சொன்னார்.

"டொக்டரெண்டு சொல்லி நீ என்னைப் பெரிசாக்கேல்லையாம். என்ரை தொழிலுக்கு ஒரு பேர் இருக்காம். அது எங்கை தொடங்குது, எங்கை முடியுதெண்டு எனக்குத் தெரியுமாம். நான் சொல்லாததைச் சொன்னதெண்டு சொன்னால், பிறகு நான் சொல்லுறதை ஆர் கேப்பினம் எண்டு கேக்கிறா." தன் நெஞ்சைத் தொட்டு, "நான் ஒரு கழுதையாம்" என்றும் சேர்த்தார். அதை ஃபிராவ் ரோமர் சொன்னாரா, பரமண்ணை தானாகச் சேர்த்தாரா என்று இன்றுவரை தெரியாது.

அன்றைக்குப் பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு யோசித்தேன். என் சாதகத்தில் நான் பிறந்த நாழிகை விநாடி சுத்தமாக இருக்கிறது. என்னை முதலில் ஏந்திய கை எது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. பின்வாசலால் வந்து சீலையும் அரிசியும் வாங்கிக்கொண்டு போன ஒருத்தி. அவள் என்பார்கள். பெயரை நானும் கேட்டதில்லை. இந்த நாட்டில் அந்தத் தொழிலுக்குக் கதவில் வெண்கலத் தகடு இருக்கிறது. எனக்கு இந்த நாட்டில் பிடிக்காதது எவ்வளவோ உண்டு, சோசியலாம்டிலிருந்து உருளைக்கிழங்கு வரை. இந்தத் தகட்டுக்காக நான் இவர்களைக் கும்பிடுகிறேன்.

6

இனி அந்தப் பதில்.

ரவி கேட்டதும் என் கணவர் தட்டைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார்.

"இல்லைத் தம்பி. அவ டொக்டர் இல்லை. மருத்துவிச்சி."

ரவியின் முகம் விழுந்துவிட்டது. சாந்தியைப் பார்த்தான், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாங்கள் அகதியெண்டபடியாலோ அண்ணை, டொக்டர் தராமல்…" என்று இழுத்தான்.

பரமண்ணை வடையை வைத்துவிட்டு எழும்பப் பார்த்தார். என் கணவர் கையைக் காட்டி அவரை இருத்திவிட்டார். மகள் ஃபிராவ் ரோமரின் மடியில் இருந்தபடி டொச்சில் ஒரு பாட்டைப் பிழையில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். அவளை ஒருமுறை பார்த்துவிட்டு என் கணவர் சொன்னார்:

"விசர்க்கதை கதையாதை. டொக்டர் வேணுமெண்டால் அவ சொல்லுவா. அவ சொல்லேக்கை நீ வாசலை மறிச்சுக்கொண்டு நிக்காதை. அவ்வளவுதான் உன்ரை வேலை."